நாட்டுச் சர்க்கரையும் டயட் சோடாவும்

பரமத்திவேலூரிலிருந்து ஜேடர்பாளையம் வரைக்கும் காவிரிக் கரையை ஒட்டிப் போனால், வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வரும். அந்தக் கரும்பு வயலை விட்டுப் புறப்பட்டதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி மோகனூரில் இருக்கும் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிறது. இன்னொரு பகுதி காட்டுக்குப் பக்கத்திலேயே ஆலைக் கொட்டகையில் பிழியப்பட்டு, கொப்பரையில் கொதித்து, அச்சு வெல்லமாகவும் உருண்டை வெல்லமாகவும் நாட்டுச் சர்க்கரையாகவும் மாறுகிறது. 30 கிலோ சிப்பங்களாகக் கட்டப்பட்ட வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு வந்து சேரும். கரும்பு ஒன்றுதான். ஆலைக்குப் போனது ‘வெள்ளைச் சர்க்கரை’, கொப்பரைக்குப் போனது ‘இயற்கை இனிப்பு’ என்று கடைத்தெருவில் பெயர் வாங்குகின்றன.

இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப் போவது அந்தப் பெயரை நம்பி எடுக்கப்படும் ஒரு முடிவை. உடம்பில் சுகர் ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து டயட் கோலாவுக்கு மாறிய ஒருவர், அதிலுள்ள அஸ்பார்ட்டேம் பற்றிய செய்தியைப் படித்துப் பயந்து, அதை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை போட்ட நன்னாரி சோடாவுக்கோ, பனங்கருப்பட்டி போட்ட பானத்துக்கோ வருகிறார். விசேஷ வீட்டில் டம்ளரை நீட்டும்போதே, “நாட்டுச் சக்கரைதானுங்க மாமா, ஒண்ணும் ஆவாது, குடிங்க” என்கிறார்கள். மாமாவும் குடிக்கிறார். உபசரிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்தே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றது அது. அந்த மாமா இவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

முதலில் கொப்பரையைப் பார்ப்போம். கரும்புச் சாற்றில் கரைந்திருக்கும் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்த மூலக்கூறு அது. சாற்றைக் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்து அழுக்கைத் திரட்டி எடுக்கிறார்கள், தண்ணீர் ஆவியாகிறது, சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் அந்த நெஞ்சை இழுக்கும் வாசமும் உண்டாகின்றன. முடிவில் கிடைக்கும் வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதோடு கொஞ்சம் பிரிந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், கொஞ்சம் ஈரமும், சிறிதளவு தாது உப்புகளும் இருக்கும். சிறுகுடல் சுவரில் இருக்கும் நொதிக்கு இந்த சுக்ரோஸ் மோகனூரிலிருந்து வந்ததா, ஜேடர்பாளையத்துக் கொட்டகையிலிருந்து வந்ததா என்று தெரியாது. வெட்டுகிறது, குளுக்கோஸை இரத்தத்துக்கு அனுப்புகிறது, ஃபிரக்டோஸைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது.

“வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 4 முதல் 5 மில்லிகிராம். ஒரு டம்ளர் பானத்தில் 25 கிராம் வெல்லம் போட்டால் அதில் வருவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். வயது வந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் தினசரித் தேவை 29 மில்லிகிராம். அதை வெல்லத்தாலேயே நிரப்ப நினைத்தால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கிடைக்கும் ஊரில் இரும்புச்சத்துக்கு வெல்லத்தை நம்ப வேண்டியதில்லை. வெல்லத்தின் பெருமை அதன் ருசியில் இருக்கிறது. அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன்.

வெல்லத்தில் வெல்லமே இல்லாமல் போகும் கதையும் இந்தச் சமவெளிக்குத் தெரியும். நாமக்கல், சேலம் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைக் கொட்டகைகளில் நடத்திய சோதனைகளில் அஸ்கா எனப்படும் வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளும் ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் பல முறை பிடிபட்டிருக்கின்றன. சாறு போதாதபோது வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால் எடை கூடும். ஹைட்ரோஸ் தூவினால் கருத்த வெல்லம் பொன்னிறமாக வெளுக்கும். வெல்லத்தில் கந்தக டையாக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இதில் ஆலை வைத்திருப்பவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லம்தான் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது, ஏனென்றால் நாம் அதைத்தான் கையில் எடுக்கிறோம். கருத்த வெல்லத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வந்தால் ஹைட்ரோஸ் டப்பாவுக்கு அங்கே வேலை குறையும்.

இனி டயட் கோலாவின் பக்கம் போவோம். டயட் சோடாவின் இனிப்புகளில் பெரும்பாலானவை பரிசோதனைக் கூடத்தில் தற்செயலாக நாக்கில் பட்டவை என்பது வேதியியல் வரலாற்றின் ஆச்சரியங்களில் ஒன்று. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட்டபோது கண்டுகொண்டது சாக்கரின். முதல் உலகப் போரில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்தபோது அது உலகெங்கும் பரவியது. 1965இல் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடிய ஜேம்ஸ் ஷ்லாட்டர், காகிதத்தைப் புரட்ட விரலை நக்கியபோது கிடைத்தது அஸ்பார்ட்டேம். 1976இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் லெஸ்லி ஹியூவிடம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் சசிகாந்த் பட்னிஸ், ஒரு சேர்மத்தை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னதை ‘டேஸ்ட்’ என்று கேட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுதான் சுக்ரலோஸ்.

சுக்ரலோஸை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது சாதாரணச் சர்க்கரையிலிருந்துதான் செய்யப்படுகிறது. சுக்ரோஸ் மூலக்கூறில் மூன்று இடங்களில் ஹைட்ராக்சில் குழுக்களை எடுத்துவிட்டு குளோரின் அணுக்களை வைத்தால் சுக்ரலோஸ். சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. குடல் நொதியால் அதை வெட்ட முடியாது. பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். பிறப்பிடத்தை வைத்துத் தரம் பிரித்தால் சுக்ரலோஸையும் கரும்பின் வாரிசு என்று சொல்லிவிடலாம். யாரும் அதை இயற்கை இனிப்பு என்று ஏற்க மாட்டோம். ஆக, பிறப்பிடத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றையும் நாம் மனதில் வைத்திருக்கிறோம். அது பெரும்பாலும் பழகிய பொருள், பழகாத பொருள் என்ற வேறுபாடுதான். பழகாததைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பது நல்ல குணம். பழகியதைக் கண்டு எச்சரிக்கையை முழுதாக விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

2023ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டியது. ஜூலையில் அதன் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஸ்பார்ட்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தது. இந்த வகை, சான்றின் பலத்தைச் சொல்கிறதே தவிர ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை. 2பி என்றால் சான்று இருக்கிறது, ஆனால் உறுதிப்படுத்தும் அளவுக்கு இல்லை என்று பொருள். அதே நாளில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும், வேறு வழியில் அஸ்பார்ட்டேம் உடலுக்குள் போகாமலிருந்தால்.

மே மாதத்து வழிகாட்டுதலில் பலர் கவனிக்காமல் விட்ட இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, அது ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னது. இரண்டு, வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் அஸ்பார்ட்டேம், சாக்கரின், சுக்ரலோஸ் இவற்றோடு ஸ்டீவியாவும் இருந்தது. நாம் சீனித்துளசி என்று சொல்லும் செடியின் இனிப்பு அது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சலுகை தரவில்லை.

ஏன் வேண்டாம் என்றார்கள்? பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், டயட் பானம் அதிகம் குடிப்பவர்களிடம் நீரிழிவும் இதய நோயும் அதிகமாகக் காணப்பட்டன. ஆனால் டயட் பானத்தை யார் தேடிப் போகிறார்கள்? எடை கூடியவர்களும், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களும்தான். நோயின் வழியில் ஏற்கெனவே இருப்பவர் டயட் பானத்தைக் கையில் எடுத்தால், பானம் நோயைக் கொண்டுவந்தது போலத் தெரியும். இந்தச் சிக்கலைப் பிரிக்க, யாருக்கு எந்தப் பானம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து ஆராய வேண்டும். நெதர்லாந்தில் 641 குழந்தைகளிடம் அப்படி ஒரு ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. நாள்தோறும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரையில்லாதது. யாருக்கு எது என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. 18 மாதம் கழித்து, சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோ கூடியிருந்தார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. வளரும் குழந்தைகள் இரு தரப்பிலுமே எடை கூடத்தான் செய்வார்கள். அந்த ஒரு கிலோ வேறுபாடுதான் சர்க்கரையின் பங்கு.

நமக்குப் பக்கத்து ஆய்வு ஒன்றும் உண்டு. காபியிலும் டீயிலும் போடும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நீரிழிவு உள்ளவர்களிடம் 12 வாரம் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, உடல் எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் சிறு குறைவு இருந்தது. இதைக் கொண்டு டயட் சோடாவை மருந்து என்று சொல்ல முடியாது, விஷம் என்றும் சொல்ல முடியாது. மறுபக்கம், இஸ்ரேலில் 2022இல் 120 பேரிடம் நடந்த ஆய்வில் சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய குடல் நுண்ணுயிர்களையும் குளுக்கோஸைக் கையாளும் திறனையும் மாற்றின. ஆளுக்கு ஆள் விளைவு வேறுபட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, டயட் சோடாவைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை விட்டுவிட்டு எங்கே போகிறோம் என்பதே பெரிய கேள்வி.

அதற்குக் கணக்கு வேண்டும். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் 26 கிராமுக்கு மேல். டயட் கோலாவில் பூஜ்யம். ரோட்டோரம் பிழிந்து தரும் கரும்புச் சாற்றில், ஐஸ் சேர்க்காமல், 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் இருக்கும், கோலாவைவிட அதிகம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரில் 10 முதல் 12 கிராம் அளவில் இருக்கும், ஏறத்தாழ கோலாதான். இளநீரில் 3 முதல் 5 கிராம். நன்னாரி சர்பத்தில் இருப்பது வேரின் வாசமும் பாகின் சர்க்கரையும். கடைக்காரர் எத்தனை கரண்டி ஊற்றுகிறாரோ அத்தனை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஒருவர் எடுக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டற்ற சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்கிறது, இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம், அல்லது 25 கிராம். தேனும் பாகும் பழச்சாறும் இந்தக் கணக்குக்குள் வரும் என்று அது தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே டயட் கோலாவை விட்டு நாட்டுச் சர்க்கரை சோடாவுக்கு வந்த மாமா, ஒரு பாட்டிலுக்குப் பூஜ்யத்திலிருந்து 25 கிராமுக்கு வந்திருக்கிறார். பயந்தது ஒரு சிறிய, இன்னும் நிரூபணமாகாத ஆபத்துக்கு. ஏற்றுக்கொண்டது அவருடைய இரத்தத்தில் அரைமணி நேரத்திலேயே அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை.

பெரிய நிறுவனங்களும் இதே பாதையில் போய்ப் பார்த்திருக்கின்றன. 2013இல் அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பச்சை லேபிளோடு கோகோ கோலா லைஃப் வந்தது. சர்க்கரையும் ஸ்டீவியாவும் கலந்தது. வழக்கமான கோலாவைவிடச் சர்க்கரை குறைவு. பச்சை நிறத்தைப் பார்த்தவர்கள் உடம்புக்கு நல்லது என்று எடுத்தார்கள். ஆனாலும் அது 2020இல் நிறுத்தப்பட்டது. ஸ்டீவியாவின் இனிப்பு நாக்கில் தாமதமாக எழுந்து நீண்ட நேரம் தங்கும். அதோடு கசப்பை உணரும் ஏற்பிகளில் இரண்டையாவது அது தட்டி எழுப்புகிறது. 2015இல் அமெரிக்காவில் டயட் பெப்சியிலிருந்து அஸ்பார்ட்டேமை எடுத்துவிட்டு சுக்ரலோஸ் போட்டார்கள். வாடிக்கையாளர்கள் பழைய ருசியைக் கேட்டதால் அடுத்த ஆண்டே அஸ்பார்ட்டேம் போட்ட பானமும் கடைக்குத் திரும்பியது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஸ்டீவியா இனிப்பூட்டியை 2015இல் அனுமதித்தது. லேபிளில் 950 என்றால் அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இந்த ஐந்து எண்களும் மனதில் இருந்தால் பாட்டிலின் முன்பக்கத்துப் படங்களைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ‘உண்மையான சர்க்கரை’ போட்ட கோலா என்று ஒன்றைத் தனியாகக் கொண்டாடுகிறார்கள். 1980களின் நடுவில் அங்கே பெரிய கோலா நிறுவனங்கள் கரும்புச் சர்க்கரையை விட்டு மக்காச்சோளப் பாகுக்கு மாறியதுதான் காரணம். மாவை நொதியால் குளுக்கோஸாக உடைத்து, அதில் ஒரு பகுதியை மற்றொரு நொதியால் ஃபிரக்டோஸாக மாற்றினால் அந்தப் பாகு. அதில் ஃபிரக்டோஸ் சுமார் 55 சதம், சர்க்கரையில் சரிபாதி. உடம்பைப் பொறுத்தவரை இந்த ஐந்து சத வேறுபாட்டைவிட எவ்வளவு குடித்தோம் என்பதே பெரிது. இதே வேலையின் முதல் பாதி நம் ஊரிலும் நடக்கிற காரியந்தான். சேலம், நாமக்கல் பகுதிகள் மரவள்ளிக் கிழங்குக்கும் ஜவ்வரிசிக்கும் பேர் போனவை. சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கிழங்கு மாவை உடைத்தால் குளுக்கோஸ் பாகு வரும். மிட்டாய்த் தொழிலில் புழங்கும் பாகு அது. மானாவாரிக் காட்டில் விளைந்த கிழங்கின் பாகை இயற்கை என்பதா, தொழிற்சாலையில் நொதி ஊற்றியதால் செயற்கை என்பதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உடம்பு இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதும் இல்லை. 2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘இயற்கையானது’ என்ற சொல்லை எப்போது லேபிளில் போடலாம் என்று நிபந்தனைகள் வகுத்திருக்கிறது. அந்த நிபந்தனைகள் பொருள் எங்கிருந்து வந்தது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பற்றியவை. எவ்வளவு சர்க்கரை என்பதைப் பற்றியவை அல்ல.

‘நம்முடையது’ என்பதும் இதே போல நம்மை அசட்டையாக்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அந்த ஆண்டு மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. கடைகளில் பொவண்டோ வேகமாகத் தீர்ந்தது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம் அது. நம் ஊர்த் தொழிலுக்குக் காசு போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் கலர் எந்த ஊர்க் கலராக இருந்தாலும் அதை இனிக்க வைப்பது சர்க்கரைதான். வரி விதிப்பிலும் இந்தக் குழப்பம் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்போ வாசனையோ சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதம் வரி. சர்க்கரை நிறைந்த கோலாவும் சர்க்கரையே இல்லாத டயட் கோலாவும் அதே படியில். சர்க்கரையைக் குறைக்கும் தயாரிப்பாளருக்கு வரியில் எந்த ஊக்கமும் இல்லை. சர்க்கரை அளவைப் பார்த்து வரி போட்ட பிரிட்டனில் 2018இல் வரி அமலுக்கு வரும் முன்பே நிறுவனங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டன. நம்முடைய வரியையும் அப்படி மாற்றி எழுதலாம், எழுத வேண்டும்.

ஒரு குளிர்பானத்துக்கு இத்தனை சர்க்கரை ஏன் தேவைப்படுகிறது என்பது இன்னும் சுவையான அறிவியல். வெயிலில் வைத்துச் சூடாகிப்போன, காற்றிறங்கிய கலரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திகட்டும். நாக்கின் இனிப்பு செல்களில் டிஆர்பிஎம்5 என்று ஒரு வாயில் இருக்கிறது. சூடு 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏற ஏற அது மேலும் மேலும் திறக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். ஐஸில் வைத்த பானத்தில் அந்த வாயில் பாதி சாத்திக் கிடக்கும், இனிப்பு குறைவாகத் தெரியும். சோடாவின் காற்றும் இனிப்பை மட்டுப்படுத்துகிறது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்று இதை 2013இல் காட்டியது. ஆகக் குளிரும் காற்றும் சேர்ந்து மறைக்கும் இனிப்பை ஈடு செய்யச் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது நாம் பல் கூசும் குளிரில்தான் கேட்கிறோம். அந்தக் குளிருக்குள் இருபத்தைந்து கிராம் சர்க்கரை ஒளிந்துகொள்கிறது. பானை நீரின் குளிர்ச்சியில் குடித்தால் அதே அளவு இனிப்புக்குக் குறைந்த சர்க்கரை போதும்.

நன்னாரி இங்கே உண்மையாகவே உதவுகிறது. கொல்லிமலை, சேர்வராயன் பக்கமிருந்து வரும் அந்த வேரின் வாசத்துக்கு முக்கியக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. வெனிலா வாசத்தின் வெனிலினில் இருக்கும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. இனிப்போடு பழகிய வாசம் மூக்கில் ஏறினால் நாக்கு இல்லாத இனிப்பையும் சேர்த்து உணரும் என்பது சுவை ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. நன்னாரிக்கும் பன்னீருக்கும் இந்தச் சக்தி உண்டு. வேரை நன்றாக ஊறவைத்துச் சாறு அடர்த்தியாக இறக்கி, பாகைப் பாதியாக்கி வீட்டிலேயே செய்தால் சர்பத் சப்பென்று இருக்காது. கடையில் வாங்கும் பாட்டில் சர்பத்தில் இது தலைகீழ்: வேர் கொஞ்சம், பாகு நிறைய. எலுமிச்சையில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கி இருக்கும் இனிப்பு மேலே வருவதும் இதே வகைச் செய்திதான்.

பல்லைப் பற்றியும் ஒரு சொல். டயட் கோலா, நாட்டுச் சர்க்கரை சோடா, எலுமிச்சை சோடா எல்லாமே புளிப்பு அமிலம் கொண்டவை. எனாமல் கரையத் தொடங்கும் 5.5 என்ற அளவுக்குக் கீழேதான் இவற்றின் பிஎச். கோலாக்கள் 2.5 அளவுக்கு இறங்கும். சர்க்கரை இருந்தால் வாயிலுள்ள நுண்ணுயிர்களும் தங்கள் பங்குக்கு அமிலம் சுரக்கும். சிறுகச் சிறுக மணிக்கணக்கில் உறிஞ்சுவதைவிட உணவோடு குடித்து முடித்துவிடுவது பல்லுக்கு நல்லது.

இனிப்பை நாக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதும் மாறக்கூடியது. அமெரிக்காவின் மோனெல் சுவை ஆய்வு மையத்தில் ஒரு குழுவினர் உணவில் சர்க்கரையிலிருந்து வரும் கலோரியை 40 சதம் குறைத்து மூன்று மாதம் இருந்தார்கள். அந்த மாதங்களின் பிற்பகுதியில் அவர்களுக்கு அதே புட்டிங்கும் அதே பானமும் முன்பைவிட அதிக இனிப்பாகத் தெரிந்தன. பழைய உணவுக்குத் திரும்பிய ஒரே மாதத்தில் நாக்கும் பழையபடி ஆனது. டயட் சோடா இந்த மாற்றத்தைத் தடுக்கக்கூடும் என்பதே அதன் மேல் எனக்குள்ள முதல் குறை. கலோரி இல்லாமல் நாக்கை அதே உச்சி இனிப்பில் நிறுத்தி வைக்கிறது. கருப்பட்டி சோடாவும் அதைத்தான் செய்கிறது, கலோரியோடு. டயட் சோடாவிலிருந்து இறங்க நினைப்பவருக்கு வெல்லம் போட்ட இன்னொரு பாட்டிலைவிட, இனிப்பே இல்லாத சோடாவும் நீர்மோரும் நல்ல படிகள். உச்சியிலிருந்து இறங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் சப்பென்றிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நீரிழிவு மருந்தில் இருப்பவர் இந்த மாதங்களில் விசேஷ நாளில் ஒரு டயட் கோலா குடித்தால், நாட்டுச் சர்க்கரை சோடா குடிப்பதைவிட அது மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சோடாக் கடையில் எலுமிச்சை சோடா கேட்டால், “உப்பா, சர்க்கரையா, ரெண்டுமா?” என்பார்கள். உப்பு மட்டும் போடச் சொன்னால் அதில் எலுமிச்சையின் துளி இனிப்பைத் தவிர வேறில்லை. ஆனால் கடைக்காரர் கரண்டியில் அள்ளிப் போடும் உப்பு ஒன்றரை கிராம்கூட இருக்கலாம். நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது 5 கிராமுக்குக் கீழே. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பையும் சிட்டிகையளவு போடச் சொல்லி வாங்கலாம். வீட்டு மோருக்கும் அதே அளவு போதும். இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தட்டிப் போட்டால் மீதி உப்பின் குறை தெரியாது.